விழுங்காமல் கற்ற வைன்

1. ஏழாம் மேசை

ஆறு கிளாஸ்களும் காலியாகத்தான் திரும்பி வந்தன. குடித்தவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை சொன்னது, கழுவ நின்ற நான்.

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டல். விருந்து ஹாலுக்குப் பின்னால், கதவைத் தள்ளினால் நீராவி முகத்தில் அடிக்கும் ஒரு நீள அறை. கிளாஸ் பேன்ட்ரி என்பார்கள். மேசைகளிலிருந்து திரும்பும் கிளாஸ்களை ரேக்கில் அடுக்கி மெஷினுக்குள் தள்ள வேண்டும். வெளியே வந்ததும் ஆவியில் காட்டி, நூல் உதிராத துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருடம் அதைச் செய்தேன். மெஷினுக்குள் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு வைன் கிளாஸையும் ஒருமுறை முகர்வேன். அதை யாரும் செய்யச் சொன்னதில்லை.

அன்று மதியம் ஒரு கல்யாண விருந்து. ஏழாம் மேசையின் ஆறு கிளாஸ்களிலும் ஒரே வாடை. மழையில் நனைந்து, காயாமலே மடித்து வைத்த சாக்கின் வாடை. டிராலியில் அந்த மேசையின் காலி பாட்டிலும் வந்திருந்தது. அதன் வாயை முகர்ந்தேன். அதே சாக்கு.

பேவரேஜ் மேனேஜர் ரோஹனைக் கூப்பிட்டேன். முப்பது வயதைத் தாண்டாதவர். வைன் படிப்பில் மேல்நிலைத் தேர்வு எழுதியவர் என்பதற்கு அடையாளமாகக் கோட்டில் ஒரு சின்ன பின் குத்தியிருப்பார்.

"சார், ஏழாம் டேபிளுக்கு ஊத்தின பாட்டில் கெட்டுப் போயிருக்குது. கார்க்குல கோளாறு."

"யாரு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க?"

"யாரும் இல்ல சார். கிளாஸ்ல தெரியுது."

சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கினார். முகர்ந்ததும் சிரிப்பு நின்றது. அதே பெட்டியிலிருந்து இன்னும் ஐந்து பாட்டில்கள் மாப்பிள்ளை வீட்டார் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஓடினார். ஊற்றுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்து, ஐந்தில் கெட்டிருந்த இரண்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

ஹால் காலியான பிறகு பேன்ட்ரிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"கௌதமி அக்கா, எங்க படிச்சீங்க?"

"இங்கதான் சார்."

"இங்கன்னா?"

"இந்த சிங்க் பக்கத்துல."

2. போலீஸ் நாய்

என் வீடு கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். விடிவதற்கு முன்பே ரயில். அந்த ரயில் ஒரு ஊரையே பெங்களூருக்கு வேலைக்குத் தூக்கிப் போகும், இருட்டியதும் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். போக வர அதில் உட்காரும் நேரம்தான் என் கல்லூரி.

பாடப்புத்தகம் தற்செயலாக வந்தது. அறை காலிசெய்த ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப் போனது. ஆறு மாதம் யாரும் கேட்காததால் ஊழியர்களுக்குக் கொடுத்த பொருட்களில் நான் அதை எடுத்தேன். மற்றவர்கள் குடையும் சார்ஜரும் எடுத்தார்கள். கறுப்பு திராட்சையில் இது, வெள்ளையில் அது, இன்ன நாட்டில் இன்ன மண் என்று படங்களோடு போகும் புத்தகம். ஆங்கிலத்தை ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் படித்தேன். வாசனைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்திராதவை.

பிளாக்கரண்ட் என்றால் என்ன? காலை உணவில் வைக்கும் குட்டி ஜாம் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். ஈரக் கல் என்று போட்டிருந்தது. அது சுலபம். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் நாலு நாள் கழித்துக் குழாயில் வரும்போது முதல் குடத்தில் அடிக்கும் வாசனை. தோல், புகையிலை, வைக்கோல், பென்சில் சீவல். நூறு பக்க நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் புத்தகத்தின் சொல், அடியில் நான் அதை எங்கே முகர்ந்தேன் என்ற குறிப்பு.

மல்பெரிக்கு வழிகாட்டியவள் பத்மா. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள், பங்காருபேட்டையில் ஏறுவாள். பூதிகோட்டைக்காரி. நான் ஒரு சின்ன டப்பாவை மூக்கில் வைத்துக்கொண்டிருந்த காலையில்தான் எங்களுக்குப் பேச்சுத் தொடங்கியது.

"இன்னாக்கா அது? போலீஸ் நாய் கணக்கா மோந்துகினே வர்றியே."

சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிற தோட்டத்தில், வெட்டாமல் விட்ட வரப்போரச் செடியின் பழங்கள். பேப்பர் முழுக்கக் கறை.

"எங்க மாமியாரு கேக்கறாங்க, பைத்தியமா அந்தம்மான்னு. இன்னும் இன்னா வேணும் சொல்லு. மாட்டுச்சாணி கொண்டாரட்டா?"

"கொண்டா. அதுக்கும் ஒரு பக்கம் கீது."

அவள் சிரித்ததில் அந்தப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. நான் சொன்னது உண்மை. சில பழைய சிவப்பு வைன்களில் மாட்டுத்தொழுவம் இருக்கும். புத்தகமும் சொல்கிறது, கிளாஸும் சொல்கிறது.

இப்படியே பதினோரு வருடம். கிளாஸின் அடியில் ஒட்டிய அந்த ஒரு துளி எனக்குப் போதும். அதில் மழை இருந்தது, மரம் இருந்தது, யாரோ ஒருவருடைய மலைச்சரிவு இருந்தது. எல்லாம் மூக்கு வழியாக. அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு சொட்டு வைன்கூட என் நாக்கில் பட்டதில்லை.

அதற்குக் காரணம் என் அண்ணி விமலா. என் அண்ணன் சுரங்கத்தில் மரத் தாங்கல் வைக்கும் டிம்பர்மேனாக இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு அவருக்குப் போக இடமில்லாமல் போயிற்று, சாராயக்கடையைத் தவிர. சில வருடங்களில் குடியே அவரைக் கொண்டுபோயிற்று. அவருக்காக விகாரையில் வந்தனம் நடந்த நாளில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பௌத்தக் குடும்பம். ஐந்து சீலங்களைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறோம். ஐந்தாவது, மயக்கும் பானத்தை விலக்குவது.

"உங்க அண்ணனும் இதை சொன்னவர்தான். வாயால சொன்னாரு. நீ எனக்கு சத்தியமா சொல்லு. இந்த குடும்பத்துல இனிமே யார் நாக்குலயும் அது படக்கூடாது."

சொன்னேன். காப்பாற்றியும் வந்தேன். ஹோட்டலில் நான் கிளாஸ் கழுவுகிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். நோட்டைப் பற்றித் தெரியாது.

3. ஈரமில்லாத கப்

ஏழாம் மேசை நடந்த மாதத்திலேயே ரோஹன் ஒரு தாளோடு வந்தார். வைன் பரிமாறும் அவருடைய குழுவில் ஓர் இடம் காலி. ஹோட்டல் தன் செலவில் ஒருவரைப் படிக்க அனுப்பும். சான்றிதழ் இருந்தால்தான் அந்த இடம். நாற்பத்தேழு வயதில் நீராவியிலிருந்து வெளிச்சத்துக்குப் போக ஒரு கதவு. கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமைகளில் வகுப்பு. வரைபடம், மண், வெயில், நொதித்தல், பீப்பாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை. பாதி எனக்கு முன்பே தெரியும். மீதிப் பாதி, எனக்குத் தெரிந்ததற்கெல்லாம் ஏன் என்று சொன்னது.

கடைசி ஒரு மணி நேரம் ருசி பார்ப்பது. எல்லோர் முன்னாலும் கிளாஸ், பக்கத்தில் துப்புவதற்கு ஒரு கப். மற்றவர்கள் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பினார்கள். நான் கிளாஸை உதட்டருகே கொண்டுபோய் இறக்கிவிடுவேன். இனிப்பா, புளிப்பா, துவர்ப்பு எவ்வளவு என்று படிவத்தில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். மூக்கு சொன்னதை வைத்து நிரப்புவேன். பல தடவை சரியாகவே இருந்தது. அதனால் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

தேர்வில் எழுத்துத் தாள் நன்றாகப் போயிற்று. பிறகு இரண்டு கிளாஸ்கள் வைத்தார்கள். வெள்ளையை முகர்ந்தேன். தேன், பழுத்த மாம்பழம், வெயிலில் காய்ந்த பூ. இனிப்பு வைன் என்று எழுதினேன். சிவப்பில் வாசனை மங்கலாக, ஒதுங்கி இருந்தது. மென்மையானது, துவர்ப்புக் குறைவு என்று எழுதினேன்.

வெள்ளையில் இனிப்பு துளியும் கிடையாது. சிவப்பு, வாயை இழுத்துக் கட்டும் துவர்ப்பு. இரண்டும் தலைகீழ்.

எழுத்துத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ருசித் தாளில் தோல்வி. வகுப்பெடுத்த மேடம் என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"கௌதமி, உங்க மூக்கு எனக்குக் கூட கிடையாது. ஆனா மூணு மாசமா உங்க ஸ்பிட் கப் ட்ரையா இருக்கு. நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

நான் மேசையிலிருந்த கப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வாசனைல இருக்கிற தேன் நாக்குல இருக்காது. அதை மூக்கால கண்டுபிடிக்க முடியாது. யாராலயும் முடியாது."

ரோஹன் நேராகவே சொல்லிவிட்டார். "ருசி பேப்பர் மட்டும் இன்னொரு தடவை எழுதலாம் அக்கா, ரெண்டு மாசத்துல. அதுவரைக்கும் அந்த இடத்தை நான் யாருக்கும் தரமாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

திரும்பும் ரயிலில் என் நோட்டைப் புரட்டினேன். நூறு பக்கமும் வாசனை. ருசிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தானாகப் படிக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. பயப்படுகிற பாடத்தைத் தொடாமலே நூறு பக்கம் நிரப்பிவிடலாம், கேட்க ஆளில்லை.

4. பன்னிரண்டு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன். பொய்க்கு இனி இடமில்லை. நோட்டைக் கொடுத்தேன், படிப்பைச் சொன்னேன், தோற்றதையும் சொன்னேன். கடைசியில், பாஸ் ஆக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னேன்.

அண்ணி நோட்டைத் திறக்கவில்லை.

"வாயில ஊத்தணும். அதானே?"

"ஊத்திட்டு துப்பிடுவாங்க அண்ணி. அங்க எல்லாருமே துப்புறாங்க."

"உங்க அண்ணனும் பல் வலி, சாராயத்தால வாய் கொப்பளிக்கறேன்னுதான் சொன்னாரு. ஒரு வருஷம் கொப்பளிச்சாரு. போ கௌதமி. உனக்கு வயசாயிடுச்சி, புத்தி வரல."

அவர் அனுமதி இல்லாமலும் நான் அதைச் செய்திருக்கலாம். பெங்களூரில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சத்தியம் வாங்கியவர் தெருக்கோடியில் இருக்கிறார். முறித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து அடுத்த பௌர்ணமிக்கு வந்தனம் சொல்ல என்னால் ஆகாது. அடுத்த திங்கட்கிழமை ரோஹனிடம் வேண்டாமென்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

அதற்கு முந்தின நாள், மறு ஞாயிறு மதியம் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் நான் அவர் வீட்டிலேயே விட்டுவந்த நோட்டு, மறு கையில் துணிப்பை. பைக்குள் கோடு போட்ட இரண்டு மெஷரிங் கிளாஸ்கள், ஓர் அட்டை, கட்டம் போட்ட தாள், பேனா. அவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"முழுசா படிச்சேன்" என்றார் நோட்டைக் காட்டி. "பேத்தமங்களா தண்ணிய போய் எழுதி வச்சிருக்கற." பிறகு தாளை அட்டையில் செருகினார். "வாயால சொல்றதை நான் நம்பறதில்ல. உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்திச்சு. இன்டேக், அவுட்புட். சார்ட்டு போடலாம். டீ டிகாஷன் போடு. கெட்டியா, சக்கரை இல்லாம."

அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பத்து மில்லி அளந்து கொடுப்பார். நான் வாய்க்குள் சுழற்றித் துப்புவேன். அவர் அளந்து எழுதுவார். பத்து முறை. தாடை வலித்தது. டிகாஷன் முகவாயில் ஒழுகிப் புடவையெல்லாம் கறை. ஒருமுறை நேராக அவர் மணிக்கட்டில் துப்பிவிட்டேன்.

"பேஷண்டுங்க என் மேல இன்னான்னாவோ துப்பியிருக்காங்க. இது டீ தானே. பண்ணு."

கூட்டிப் பார்த்தார். உள்ளே நூறு. வெளியே எண்பத்தெட்டு.

"பன்னெண்டு எங்க?"

விழுங்கியதாகவே எனக்குத் தெரியவில்லை. தொண்டை தானாக வேலை செய்திருக்கிறது.

"கொஞ்சம் ஒழுகிடுச்சி அண்ணி..."

"ஒழுகினது ரெண்டு, மூணு. மீதி உள்ள போயிருக்குது." பேனாவை மூடினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தில் கட்டம் போட்டார். "நாளைக்கு சாயங்காலம் ரயில்லேர்ந்து நேரா என் வீட்டுக்கு வா. தொண்டைய பூட்டறதுக்கு பழகணும். தல லேசா முன்னாடி, நாக்கு மேல. மருந்து முழுங்காதவங்களுக்கு சொல்றத உனக்கு மாத்தி சொல்லணும் போல."

மூன்று வாரம். பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். "என் நாத்தனாருக்கு. டீ புடிக்கல" என்றார் அண்ணி. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் இரண்டு முறை கூட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் கூட்டினார்.

உள்ளே நூறு. வெளியே நூற்றுப் பதினொன்று.

"எச்சில் சேர்ந்திருக்குது" என்றேன்.

"தெரியும். எனக்கேவா?" தாளை மடித்தார். "நீ குடிக்கல. நீ கொடுத்திருக்கற." அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்ததில் டிகாஷன் பாத்திரமே கவிழ்ந்தது.

துடைத்து முடித்த பிறகு கேட்டேன். "வாயில கொஞ்சம் ஒட்டத்தானே செய்யும் அண்ணி? அது பரவாயில்லையா?"

"ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தேய்ப்பேன். முப்பது வருஷம் என் கையில ஒட்டிச்சு. நான் குடிகாரியா?" மெஷரிங் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். "சத்தியத்த நான்தான் வாங்கினேன். நானே திருத்தறேன். நாக்குல படலாம். தொண்டைய தாண்டக்கூடாது."

5. நாக்கு

அந்தத் திங்கட்கிழமை, மறுதேர்வு எழுதுகிறவர்களுக்கான வகுப்பில் முதல் முறையாக வைனை வாயில் விட்டேன்.

மூக்கு தூரத்திலிருந்து பார்க்கிறது. நாக்கு உள்ளே போய் நிற்கிறது. பதினோரு வருடமாக வெளியிலிருந்து ஜன்னலைப் பார்த்த வீட்டின் தரை எவ்வளவு குளிர்ச்சி என்று அன்றுதான் தெரிந்தது. புளிப்பு, நாக்கின் இரு ஓரங்களிலும் ஓடையாக ஓடியது. துவர்ப்பு, வாழைப்பூ நறுக்கிய விரலில் ஒட்டும் கறையைப்போல ஈறுகளில் ஒட்டியது. துப்பிய பிறகும் ஏதோ ஒன்று போகாமல் நின்றது. அதை எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை நான் ஊகித்து மட்டும் நிரப்பிய கட்டம்.

என் கப்பில் ஈரத்தைப் பார்த்த மேடம் மேசையைக் கடந்து போகும்போது தோளில் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

இரண்டாம் முறை எழுதினேன். தேனின் வாசனை வந்தபோது மூக்கை நம்பினேன். இனிப்பு என்று எழுதுவதற்கு முன் நாக்கைக் கேட்டேன். இரண்டும் முரண்பட்ட இடத்தில் இரண்டையும் எழுதினேன். தேறிவிட்டேன், ரோஹன் வைத்திருந்த இடமும் எனக்கு வந்தது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள், தானாகப் படிப்பதா, பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதா என்று என்னைக் கேட்கிறார்கள். வகுப்பில் யாருக்கும் ஏழாம் மேசையின் சாக்கு வாடையை அப்படிப் பிடிக்கத் தெரிந்திருக்காது. அது சிங்கின் பக்கத்தில் வந்தது, தினமும் நானூறு கிளாஸ் முகர்ந்து வந்தது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்களே உங்களுக்கு வாத்தியாராக இருக்கும்போது, உங்களுக்குப் பிடிக்காத கேள்வியை அந்த வாத்தியார் கேட்க மாட்டார். சான்றிதழ் என்ற தாளில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அந்தத் தாளுக்காக ஒருவர் என் கப் ஏன் ஈரமில்லை என்று பார்த்தாரே, அதில் இருக்கிறது.

முடிவு வந்த ஞாயிறு, அண்ணிக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். என் பெயரை நிதானமாகப் படித்தார். பிறகு, தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"கௌதமி. இன்னா ருசி கீது அதுல?"

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்தது.

"அண்ணன் குடிச்சது வேற அண்ணி. அதுல ருசியே கிடையாது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

படிவத்தில் உள்ள எந்தச் சொல்லும் உதவவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "அவர் அதை வாயில நிறுத்தினதே இல்ல அண்ணி. நானும் பாத்திருக்கேன். கண்ண மூடிக்கினு நேரா தொண்டைக்கு. ருசி தெரியக்கூடாதுன்னுதான் அவர் குடிச்சாரு."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீ நல்லா நிறுத்து" என்றார். "நிறுத்தி, இன்னா கீதுன்னு முழுசா பாரு. பாத்துட்டு துப்பு."